மின்மினிகள் ஏன் ஒளிர்கின்றன, எங்கே கூடி ஒளிர்கின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்மினிகளைப் பற்றிக் கேட்பவர்களில் ஒரு சாரார் அந்த ஒளி எப்படி உண்டாகிறது என்று அறிய விரும்புகிறார்கள். மற்றொரு சாரார் அதைக் கூட்டமாக எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மின்மினியின் ஒளி ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு அனுப்பும் செய்தி. அந்தச் செய்தி போய்ச் சேருவதற்கு இருட்டு வேண்டும், ஈரமான மண் வேண்டும், அதன் குஞ்சுப்பருவத்துக்கு இரை வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே தப்பிப் பிழைத்திருக்கும் இடங்களில்தான் பெருங்கூட்டங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன.

மின்மினி எந்த வகைப் பூச்சி?

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. வண்டுகளுக்கே உரிய முறையில் அதன் முன்சிறகுகள் உறையாக மாறி, பறப்பதற்கான பின்சிறகுகளை மூடியிருக்கும்; ஆனால் மற்ற வண்டுகளின் ஓடு போல அவை கெட்டியாக இல்லாமல் மென்மையாக இருக்கும். லாம்பிரிடே என்னும் இக்குடும்பத்தில் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பகலில் ஒரு மின்மினியைப் பார்த்தால், தலையின் மேல் கேடயம் போன்ற தகடு ஒன்று கவிந்திருப்பதையும், வயிற்றின் அடிப்பக்கத்தில் கடைசிக் கண்டங்கள் மட்டும் பாலாடை நிறத்தில் வெளுத்திருப்பதையும் காணலாம். அந்த வெளுத்த பகுதிதான் ஒளியுறுப்பு. பல இனங்களில் ஆணுக்கு இரண்டு கண்டங்களிலும் பெண்ணுக்கு ஒரே கண்டத்திலும் அது அமைந்திருப்பதால், கவிழ்த்துப் பார்த்தே ஆண், பெண் சொல்லிவிடலாம்.

அவை ஏன் ஒளிர்கின்றன?

முதிர்ந்த மின்மினிகள் ஒளிர்வது பெரும்பாலும் துணையைக் கண்டடைவதற்காக. வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஃபோட்டினஸ் பைராலிஸ் என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். அந்தி மங்கியதும் ஆண் தாழப் பறந்தபடி, ஏறக்குறைய 6 நொடிக்கு ஒரு முறை, கீழே சரிந்து மேலே வளையும் ஒளிக்கோடு ஒன்றை இழுக்கிறது. புல்லில் அமர்ந்திருக்கும் பெண் அதைக் கண்டால், சுமார் 2 நொடி பொறுத்து ஒரே ஒரு முறை மின்னிப் பதில் தருகிறது. இந்த இடைவெளிதான் அடையாளம். வேறு இடைவெளியில் வரும் பதிலை ஆண் பொருட்படுத்துவதில்லை. ஒரே புல்வெளியில் பல இனங்கள் ஒரே இரவில் பறந்தாலும் குழப்பம் நேராமல் இருப்பதற்கு இதுவே காரணம்: ஒவ்வோர் இனத்துக்கும் மின்னலின் நீளம், எண்ணிக்கை, இடைவெளி, பறக்கும் உயரம், பறக்கும் நேரம் ஆகியவை தனித்தனியாக வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஆயினும் ஒளியின் முதற்பயன் காதல் அன்று என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதுவரை குஞ்சுப்பருவம் அறியப்பட்ட எல்லா இனங்களிலும் அந்தப் புழு ஒளிர்கிறது. முதிர்ந்தபின் ஒளியே இல்லாமல், பகலில் பறந்து, வாசனையால் துணை தேடும் இனங்களிலும் புழு ஒளிரத்தான் செய்கிறது. புழுவுக்குத் துணை தேவையில்லை. 'நான் கசப்பானவன், என்னைத் தின்னாதே' என்று எதிரிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கையாகவே ஒளி தோன்றி, பின்னர் முதிர்பருவத்தில் காதல் மொழியாக வளர்ந்தது என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம்.

மின்மினியை உண்ணும் விலங்குகளுக்குத் தீங்கு நேருமா?

நேரும். ஃபோட்டினஸ் போன்ற சில இனங்களின் உடலில் லூசிபுஃபாஜின் எனப்படும் நச்சுப்பொருள்கள் உள்ளன. தேரைகளின் தோலில் உள்ள நஞ்சுக்கு இவை நெருங்கிய உறவு. மின்மினியை இரையாகப் போட்டதால் வளர்ப்பு ஓணான்கள் இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மனிதர் கையில் எடுத்துப் பார்ப்பதால் தீங்கில்லை.

ஒளி எப்படி உண்டாகிறது?

ஒளியுறுப்பின் உயிரணுக்களில் லூசிஃபெரின் என்னும் பொருளும், அதைச் செயற்படுத்தும் லூசிஃபெரேஸ் என்னும் நொதியும் இருக்கின்றன. எல்லா உயிர்களிலும் ஆற்றலைச் சுமந்து திரியும் ஏடிபி என்னும் மூலக்கூறு முதலில் லூசிஃபெரினோடு இணைந்து அதை ஆயத்தப்படுத்துகிறது. இதற்கு மெக்னீசியம் துணை நிற்கிறது. அடுத்து ஆக்சிஜன் வந்து சேரும்போது, கரியமில வாயு பிரிந்து, எஞ்சிய மூலக்கூறு மிகையான ஆற்றலோடு தத்தளிக்கும் நிலையை அடைகிறது. அது அமைதிநிலைக்குத் திரும்பும்போது அந்த மிகை ஆற்றல் ஒளித்துகளாக வெளியேறுகிறது. பெரும்பாலான இனங்களில் அது மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ தெரியும். நொதியின் அமைப்பில் உள்ள சிறு வேறுபாடுகளே நிற வேறுபாட்டுக்குக் காரணம்.

லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்ற பெயர்களை 1880களில் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா. ஏடிபி இல்லாமல் ஒளி இல்லை என்பதை 1947இல் நிறுவியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்எல்ராய். தமது ஆய்வுக்கு வேண்டிய பூச்சிகளை அவர் பால்டிமோர் நகரச் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்துவரச் செய்து பெற்றார்.

அந்த ஒளி ஏன் சுடுவதில்லை? பாஸ்பரஸ் எரிவதால் வரும் ஒளி என்கிறார்களே?

எரிதல் அங்கே நடைபெறவே இல்லை. ஏடிபி மூலக்கூற்றில் பாஸ்பேட் உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அது எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. காற்றில் புகைந்து ஒளிரும் வெண்பாஸ்பரசுக்கும் மின்மினிக்கும் தொடர்பில்லை. குண்டு பல்பில் இழை பழுக்கக் காய்ந்து ஒளிவிடுவதால் செலவாகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே ஒளியாகிறது. மின்மினியில் வேதிவினையின் ஆற்றல் வெப்பத்தின் வழியாகச் சுற்றிப் போகாமல் நேரே ஒளியாக மாறுகிறது. வினைபுரியும் 100 லூசிஃபெரின் மூலக்கூறுகளில் 88 ஒளித்துகளைத் தருவதாக நெடுங்காலம் பாடநூல்களில் சொல்லப்பட்டு வந்தது; ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் மீண்டும் அளந்தபோது அது 41 என்று தெரியவந்தது. பழைய எண் இன்னும் பல கட்டுரைகளில் உலவுகிறது. திருத்திய எண்ணும் வியப்புக்குரியதே.

நினைத்த நொடியில் ஏற்றவும் அணைக்கவும் எப்படி முடிகிறது?

மின்மினிக்கு நுரையீரல் இல்லை. நுண்ணிய மூச்சுக்குழல்கள் வழியாகக் காற்று உயிரணுக்களை அடைகிறது. ஒளியுறுப்பின் உயிரணுக்களில் லூசிஃபெரின் உட்பகுதியில் இருக்கிறது. அதற்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே ஓரமாக, ஆக்சிஜனைக் கொண்டு உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் அடர்ந்திருந்து, வரும் ஆக்சிஜனையெல்லாம் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இயல்பு நிலையில் உள்ளே ஆக்சிஜன் போவதில்லை, விளக்கும் எரிவதில்லை. மூளையிலிருந்து நரம்புவழி ஆணை வந்ததும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு வாயு சுரக்கிறது. அது மைட்டோகாண்டிரியாக்களின் வேலையைச் சற்றே நிறுத்திவைக்கிறது. அந்த இமைப்பொழுதில் ஆக்சிஜன் உள்ளே நுழைந்து ஒளி பிறக்கிறது. வாயு கலைந்ததும் மைட்டோகாண்டிரியாக்கள் மீண்டும் உறிஞ்சத் தொடங்க, ஒளி அணைகிறது. நைட்ரிக் ஆக்சைடின் பங்கு 2001இல்தான் வெளிப்பட்டது. உயிரணுக்களுக்குப் பின்னால் யூரிக் அமிலப் படிகங்களால் ஆன அடுக்கு ஒன்று, ஒளியைச் சிதறடித்து வெளிப்புறமாகத் திருப்பி அனுப்புகிறது.

ஒரு மின்மினி மற்றொன்றை ஒளியால் ஏமாற்றுவது உண்டா?

உண்டு. வட அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பேரினத்தில், இணைசேர்ந்த பெண் வேறு இனங்களின் பெண் தரும் பதிலைப் போலவே, உரிய இடைவெளியில் மின்னிக் காட்டுகிறது. துணை கிடைத்ததென்று இறங்கிவரும் ஃபோட்டினஸ் ஆணைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. ஒரே பெண் இரைக்கு ஏற்பப் பல இனங்களின் பதில்களை மாற்றி மாற்றிக் காட்டவல்லது என்பதைப் பூச்சியியலாளர் ஜேம்ஸ் லாயிட் 1960களிலும் 1970களிலும் விளக்கினார். பசிக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. மேலே சொன்ன நச்சுப்பொருளை ஃபோட்டூரிஸால் தானே உண்டாக்க இயலாது. இரையின் உடலிலிருந்தே அதைப் பெற்றுத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறது.

மின்மினி ஒளிராத மாதங்களில் எங்கே இருக்கிறது?

மண்ணில் இருக்கிறது. இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை; ஆனால் மின்மினியைக் காப்பதில் அக்கறை உள்ள எவரும் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். சிறகுள்ள மின்மினி சில நாள் முதல் சில வாரங்கள் வரையே உயிர்வாழும். பல இனங்கள் அக்காலத்தில் ஏறக்குறைய உணவே கொள்வதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி, பல மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை, புழுப்பருவத்தில் கழிகிறது. உதிர்ந்த இலைகளின் அடியிலும் ஈர மண்ணிலும் வாழும் அந்தப் புழு, நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் மண்புழுக்களையும் வேட்டையாடுகிறது.

தன்னைவிடப் பெரிய நத்தையையும் அது வீழ்த்தும் முறை கவனிக்கத்தக்கது. நத்தை விட்டுச்சென்ற கோழைத் தடத்தைப் பின்தொடர்ந்து அணுகி, அரிவாள் போல வளைந்த தாடைகளால் அதன் சதையைக் கடிக்கிறது. அந்தத் தாடைகளுக்குள் நுண்ணிய கால்வாய் ஓடுகிறது. அதன் வழியே இரையை மரத்துப்போகச் செய்யும் நீர் இறங்குகிறது. அசைவு நின்றபின் செரிக்கும் நீரைச் செலுத்திச் சதையைக் கூழாக்கி உறிஞ்சுகிறது. உடலில் ஒட்டிய கோழையை, வாலின் முனையில் விரல்கள் போல விரியும் உறுப்பால் துடைத்துக்கொள்கிறது. வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் ஒட்டி இரவில் தரையில் அசையாமல் ஒளிரும் பச்சைப் புள்ளி பெரும்பாலும் இந்தப் புழுவாகவோ, சிறகில்லாத பெண்ணாகவோ இருக்கும்.

ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னுவது உண்மையா?

உண்மை. 1690இல் சியாம் நாட்டில் (இன்றைய தாய்லாந்தில்) ஆற்றுவழிப் பயணம் செய்த ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கேம்ப்ஃபர், ஒரு மரத்தை மொய்த்த மின்மினிகள் யாவும் சேர்ந்தாற்போல ஒளியை மறைத்தும் காட்டியும் வந்ததை எழுதிவைத்தார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேலைநாட்டு அறிஞர் பலர் இதை நம்பவில்லை. பார்ப்பவரின் இமை துடிப்பதால் விளையும் மயக்கம் என்று 1917இல் ஒருவர் அறிவியல் இதழிலேயே எழுதினார்.

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்னும் ஆய்வாளர் தம்பதியர் தாய்லாந்தில் மின்மினிகளைப் பிடித்துவந்து, பாங்காக்கில் தாம் தங்கியிருந்த விடுதி அறையை இருட்டாக்கி அவற்றைப் பறக்கவிட்டனர். முதலில் அவை தத்தம் போக்கில் மின்னின. சுவரில் அமர்ந்தபின், அருகருகே இருந்த இரண்டு ஒத்து மின்னத் தொடங்கின, பிறகு மூன்று, இவ்வாறு சிறு சிறு குழுக்களாக இசைவு பரவியது. யாரும் தாளம் போட்டுக் காட்டாமலே ஓர் அரங்கின் கைத்தட்டல் சில வேளைகளில் தானாக ஒரே சீருக்கு வந்துவிடுவதைப் போன்றது இது. ஒவ்வொரு பூச்சியும் தன் உள்ளே ஒரு தாளத்தை வைத்திருக்கிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் அதைச் சற்றே முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்கிறது. தலைவன் ஒருவன் இல்லாமலே இது கூட்டம் முழுவதற்கும் பரவ முடியும் என்பதை ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ், ரெனாட்டோ மிரொல்லோ என்னும் இருவர் 1990இல் கணித வழியில் நிறுவினர்.

பயன் என்ன என்பதற்கும் ஒரு தெளிவான சோதனை உண்டு. 2010இல் வெளியான ஆய்வில், வட அமெரிக்காவில் ஒத்து மின்னும் ஃபோட்டினஸ் கரோலினஸ் இனப் பெண்களுக்கு எல்இடி விளக்குகள் ஆண்களைப் போல மின்னிக் காட்டப்பட்டன. விளக்குகள் ஒத்து மின்னியபோது 80 விழுக்காட்டுக்கு மேல் பதில் கிடைத்தது. ஒழுங்கின்றி மின்னியபோது 10 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. பல ஆண்கள் நெருக்கமாகப் பறக்கும் இடத்தில், கண்டபடி சிதறும் ஒளியில் தன் இனத்தின் தாளத்தைப் பெண்ணால் பிரித்தறிய முடியாது என்பதே இதன் பொருள்.

இத்தகைய காட்சிகள் உலகில் எங்கே நடைபெறுகின்றன?

மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு அருகே உள்ள கம்போங் குவாந்தான் பெயர்பெற்றது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் வளரும் பெரெம்பாங் மரங்களில் டெராப்டிக்ஸ் டெனர் என்னும் சிறிய மின்மினிகள் அமர்ந்து, நொடிக்கு ஏறக்குறைய 3 முறை சேர்ந்து மின்னுகின்றன. ஆண்டு முழுவதும் காணக்கூடிய காட்சி இது. எனினும் மரங்களை மட்டும் காத்தால் போதாது: புழுக்கள் வாழ்வது கரைக்குப் பின்னால் உள்ள சதுப்பு மண்ணில், அங்குள்ள சிறு நத்தைகளைத் தின்று. தாய்லாந்தின் அம்பாவாவிலும் ஆற்றங்கரை மரங்களில் இதன் உறவினங்களைக் காணலாம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் எல்க்மாண்ட் பகுதியில் காட்சி வேறுவிதமானது. அங்கே மின்மினிகள் மரத்தில் அமராமல் பறந்துகொண்டே மின்னுகின்றன, சில நொடிகளுக்குள் 5 முதல் 8 முறை அடுத்தடுத்து ஒளிவிட்டு, பிறகு எல்லாமே ஒன்றாக அணைந்து காடு முழுவதும் இருண்டுவிடுகிறது, மீண்டும் தொடங்குகிறது. மே மாத இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையான சில வாரங்களே பருவம். கூட்டம் பெருகிவிட்டதால், பார்வையாளர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அனுமதிக்கிறார்கள். அங்கு கோடைக் குடில் வைத்திருந்த லின் ஃபாஸ்ட் என்னும் பெண்மணி 1990களில் ஆய்வாளர்களுக்கு எழுதிய பிறகே அறிவியல் உலகின் கவனம் அவ்விடத்தின் மேல் திரும்பியது. வட்டாரத்தில் வாழ்பவர்களின் கண் எவ்வளவு மதிப்பு வாய்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மெக்சிகோவின் நானகமில்பாவிலும் மழைக்காலத்தில் இதுபோன்ற காட்சி உண்டு.

இந்தியாவில் மகாராட்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியான பண்டாரதரா, புருஷ்வாடி ஆகிய இடங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. மே இறுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை வலுக்கும் வரை அங்குள்ள கடுக்காய், தான்றி, நாவல் மரங்கள் அடி முதல் நுனி வரை மின்மினிகளால் நிறைகின்றன.

தமிழ்நாட்டில் எங்கே காணலாம்?

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப் அமைந்துள்ள உலாந்தி வனச்சரகத்தில், ஒத்து மின்னும் பெருங்கூட்டங்கள் இருப்பதை 2022இல் வனத்துறையினர் ஆவணப்படுத்தினர். கோடை மழைக்கும் பருவமழைக்கும் இடைப்பட்ட வாரங்களே அவற்றின் காலம். அக்காட்டில் ஸ்ரீராம் முரளி எடுத்த மின்மினிப் படம் 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டுக்கான காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களின் நடத்தைப் பிரிவில் பரிசு வென்றது. 19 நொடி நீளும் 50 படங்களை இணைத்து உருவாக்கியது அது. புலியும் யானையும் உலவும் அந்தக் காட்டுக்குள் இரவில் தாமாக நுழைய யாரும் முயலக் கூடாது. ஒத்து மின்னும் கூட்டம்தான் வேண்டும் என்றில்லாதவர்கள், பூச்சிக்கொல்லி மிகாத வயல்களின் வாய்க்கால் ஓரங்களிலும் மலையடிவாரத் தோப்புகளிலும் மழைக்குப் பிந்தைய இரவுகளில் தனித்தனி மின்மினிகளைக் காணலாம்.

நியூசிலாந்தின் வைட்டோமோ குகையில் ஒளிர்வதும் மின்மினியா?

இல்லை. அது பூஞ்சைக் கொசு வகையைச் சேர்ந்த ஈயின் புழு. பசைநூல்களைத் தொங்கவிட்டு, ஒளியால் சிறு பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கிறது.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் மின்மினியை விளக்காக ஒட்டிவைக்கிறதா?

கூட்டின் உட்சுவரில் ஆண் குருவி ஈரக் களிமண்ணோ சாணமோ அப்பிவைப்பது உண்மை. அதில் மின்மினியைப் பதித்து வெளிச்சம் ஏற்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரவில் உறங்கும் பறவைக்கு விளக்கால் ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை.

முன்பு போல மின்மினிகள் ஏன் தென்படுவதில்லை?

உலகெங்கும் உள்ள மின்மினி வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, வாழிட இழப்பு, இரவில் செயற்கை வெளிச்சம், பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. வாழிடம் என்றால் பெரும் காடுதான் என்று கருத வேண்டியதில்லை. வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசினால் கரையின் ஈர மண்ணும் அங்குள்ள நத்தைகளும் போகின்றன. சருகைக் கூட்டி எரித்தால் அதற்குள் இருக்கும் புழுக்களும் எரிகின்றன. வயலில் தெளிக்கும் மருந்து நத்தையின் வழியாகவும் புழுவைச் சென்றடைகிறது.

வெளிச்சத்தின் தீங்கு வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பதால் அதிகம் கவலை தருகிறது. தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் ஆண் மின்னினாலும் பெண்ணுக்கு அது தெளிவாகத் தெரிவதில்லை. பெண்ணின் மங்கிய பதிலோ ஆணை எட்டுவதே இல்லை. பூச்சிகள் உயிரோடுதான் இருக்கும். ஆனால் இணைசேராமல் தம் சில வார வாழ்நாளை முடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

பார்க்கச் செல்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

டார்ச்சும் கைப்பேசித் திரையும் அணைந்திருக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கைத் தரையை நோக்கிப் பிடிக்கலாம். வண்டியின் முகப்பு விளக்கு ஒரு நிமிடம் எரிந்தாலும் அவ்வளவு நேரம் அவற்றின் பேச்சு தடைபடுகிறது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. பெண்கள் பெரும்பாலும் புல்லிலும் தரையிலும் இருப்பதால் மிதிபடுபவை அவைதாம். பிளாஷ் போட்டுப் படம் எடுப்பதால் மின்மினியின் ஒளி படத்தில் விழுவதுமில்லை. குழந்தைகள் ஆசைப்பட்டால் ஒன்றைக் காற்றுப்புகும் புட்டியில் ஈர இலையோடு சற்று நேரம் வைத்துக் காட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

வேறிடத்திலிருந்து பிடித்துவந்து எங்கள் தோட்டத்தில் விட்டால் பெருகுமா?

பெருகாது. பிடித்து வரப்படுபவை முதிர்ந்த பூச்சிகள். அவற்றின் எஞ்சிய வாழ்நாள் சில நாட்களே. புழுவுக்கு வேண்டிய நத்தையும் ஈரமும் இல்லாத இடத்தில் அவை முட்டையிட்டாலும் பயனில்லை. எடுத்த இடத்திலும் அடுத்த தலைமுறை குறைந்துபோகும். சீனாவில் கேளிக்கைப் பூங்காக்களில் விடுவதற்காகக் காட்டு மின்மினிகளைப் பெருமளவில் பிடித்து விற்றது கடும் எதிர்ப்புக்குள்ளானது.

ஜப்பானில் வேறொரு சிக்கல் எழுந்தது. அங்குள்ள கெஞ்சி மின்மினியின் புழு நீருக்குள் வாழ்ந்து நீர்நத்தைகளைத் தின்பது. முதிர்ந்த ஆண்கள் நாட்டின் மேற்கில் சுமார் 2 நொடிக்கு ஒரு முறையும் கிழக்கில் சுமார் 4 நொடிக்கு ஒரு முறையும் மின்னுகின்றன. ஓடைகளை மீட்கும் நல்லெண்ணத்தோடு மேற்கின் பூச்சிகளைக் கிழக்கில் கொண்டுவந்து விட்டதால், சில இடங்களில் வட்டாரத்துக்கு உரிய மரபு கலந்துபோனது. ஆகவே தோட்டத்தில் ஒரு மூலையில் சருகை அள்ளாமல் விட்டு, மண்ணை ஈரமாக வைத்து, மருந்து தெளிப்பதை நிறுத்தி, இரவில் வெளிவிளக்கை அணைத்துவைப்பதே செய்யத்தக்கது. அக்கம்பக்கத்தில் மின்மினி எஞ்சியிருந்தால் அவை தாமாக வந்து சேரும். புழுப்பருவம் நீண்டது என்பதால் அதற்கு ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.